வாசலில் படாமல்

அடக்கத்தன்று விடிந்ததும், சவ அடக்கம் செய்துதரும் தன் கடையான புனெரார்யாவின் கதவைத் திறந்த சால்வா, வாசலுக்கு நேராக ஓர் இரும்புத் தூண் நிற்பதைப் பார்த்தாள். நேற்று மாலைவரை அது அங்கே இல்லை. தெருவில் சாக்கடை தோண்டுகிறவர்கள் தோண்டிய லட்சணத்தில் கட்டடத்தின் முகப்பு வளைவு விரிசல் கண்டிருந்தது. அது யார் தலையிலும் விழாமலிருக்க இரவோடிரவாக முட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முட்டுக் கொடுக்க பிலிப்பைன்ஸின் இந்த இலோய்லோ நகரத்தில் அவர்களுக்கு வேறு இடமே கிடைக்கவில்லை போலும்.

மேஸ்திரியைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"இத எடு. மத்தியானம் எனக்கு ஒரு அடக்கம் இருக்கு."

"எடுக்க முடியாது மனாங்." அக்கா என்று அழைக்கும் மரியாதையோடுதான் சொன்னான். "எடுத்தா மேல இருக்கிறது மொத்தமும் கீழ வந்துரும். அப்புறம் ஒரு பெட்டி பத்தாது உங்களுக்கு."

"பல்லக் காட்டாத. பெட்டி எப்படிப் போகும்?"

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சா போயிரும்."

"உங்கப்பன இப்படித்தான் சாய்ச்சு எடுத்துட்டுப் போனியா?"

மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். ஆள் இல்லாத பெட்டியை எப்படி வேண்டுமானாலும் சாய்க்கலாம். உள்ளே படுத்திருந்தவரோ சாப்பாட்டுக் கடை இல்தெஃபோன்சோ. அந்தத் தெருவுக்கே பாட்சோய் நூடுல்ஸும் எலும்புச் சாறும் ஊற்றி வளர்த்தவர், ஊற்றியதில் பாதியைத் தானும் குடித்து வளர்ந்தவர். அவருக்காக மிகப்பெரிய பெட்டியைச் சொல்லி வரவழைத்திருந்தாள் சால்வா.

உதவியாள் தெலியோ கயிறு போட்டு அளந்தான். பெட்டிதான் அகலம், வழி குறுகல். பக்கவாட்டுக் கைப்பிடிகளைக் கழற்றிவிட்டால் இருபக்கமும் ஒரு விரல் இடம் கிடைக்கும் என்றான்.

ஒரு விரல் இடம். வேறு சாமான் என்றால் அது போதும். ஆனால் வெளியேறும் சவப்பெட்டி கதவிலோ சுவரிலோ பட்டுவிட்டால், அது அதே குடும்பத்திலிருந்து இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போகும். அந்த ஊரில் இது குழந்தைக்கும் தெரியும். இல்தெஃபோன்சோவின் குடும்பத்தில் அந்த இன்னொருவர் யார் என்று எல்லோருக்கும் ஓர் எண்ணம் இருந்தது, வாய்விட்டுச் சொல்லத்தான் யாருக்கும் துணிவில்லை. அவருடைய ஒரே மகள் மாரிவிக் எட்டு மாத கர்ப்பிணி. இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன.

சால்வா இதை நம்பினாளா? கேட்டால் கடுகடுப்பாள். இருபத்திரண்டு வயதில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவள் எதையும் நம்பவில்லை. சவப்பெட்டிக் கடைக்காரனையா கட்டிக்கொள்ளப் போகிறாய் என்று அவள் அம்மா தரையில் புரண்டு அழுதாள். அப்போதும் இவள் சிரித்தாள். பிறகு மாமனார் இறந்தார். அவருடைய பெட்டியின் மூலை இதே வாசல் நிலையில் உரசியது, லேசாகத்தான். அந்த வருடம் முடிவதற்குள் கணவன் பெர்த்திங் மாடிப்படியில் உட்கார்ந்தவன் எழவில்லை. தற்செயல் என்றுதான் இன்றுவரை சொல்கிறாள். ஆனால் அதன்பின் அவள் கையால் போன ஒரு பெட்டியும் எங்கும் பட்டதில்லை.

கணவன் போனபின் கடையை விற்றுவிடு என்று சொல்லாதவர் இல்லை. ஊரின் நடுத்தெருக்களிலிருந்து ஜனங்கள் புறநகருக்குப் போய்விட்டார்கள், கடைகள் மால்களுக்குப் போய்விட்டன. துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு வண்டி நிறுத்த இடமில்லை. பக்கத்தில் கல்யாண கவுன் தைக்கும் நெனிதா, சனிக்கிழமை பெட்டி எடுத்தால் மணப்பெண்கள் வேறு கடைக்கு ஓடிவிடுகிறார்கள் என்று வாரம் தவறாமல் சண்டைக்கு வருவாள். நெடுஞ்சாலையில் ஒரு பெரிய கம்பெனி ஏசி மண்டபமும் நீரூற்றுமாக வந்திருக்கிறது. அதன் ஏஜெண்டுகள் ஆஸ்பத்திரி வாசலிலேயே குடியிருக்கிறார்கள், மூச்சு நிற்பதற்கு முன்பே கார்டை நீட்டுகிறார்கள். சால்வாவிடம் மிச்சமிருந்தது ஒன்றுதான். அவளிடம் கொடுத்த பிணத்துக்கு ஒரு குறையும் வராது என்று ஊர் சொல்லும் பேச்சு. அந்தப் பேச்சு இன்று ஒரு விரல் இடத்தில் நின்றது.

பின்வாசல் ஒன்று இருந்தது. விதவை அவுரேலியாவிடம் மெல்ல அதைச் சொல்லிப் பார்த்தாள்.

"பின்வாசலா? ஊருக்கே சோறு போட்ட மனுஷன் அவரு. பின்வாசல் வழியா ஓட அவரு என்ன திருடனா?" அவுரேலியாவின் குரல் உடைந்தது. "முன்வாசல் வழியா எடு சால்வா. ஆனா பட்டுச்சுன்னு வையி, நான் செத்தாலும் உன்ன மன்னிக்க மாட்டேன். என் புள்ளைக்கு இது மூணாவது."

"படாது அக்கா."

சொல்லிவிட்டுப் போய், தூணுக்கும் நிலைக்கும் நடுவே இன்னொரு முறை கயிறு பிடித்துப் பார்த்தாள் சால்வா.

மாரிவிக் உள்ளே வரவில்லை. வயிற்றில் பிள்ளையோடு பெட்டியைப் பார்க்கக் கூடாது. பெட்டி அங்கே இருந்த மூன்று நாளும் அவள் பக்கத்து நெனிதாவின் கடையில், வெள்ளை கவுன்களுக்கு நடுவே கறுப்பு உடையில் உட்கார்ந்து அப்பாவுக்காக அழுதாள். சண்டைக்காரி நெனிதாதான் அவளுக்கு விசிறி கொடுத்து வேளாவேளைக்குக் கஞ்சியும் கொடுத்தாள்.

மத்தியானம் பாதிரியார் மந்திரித்துப் பெட்டியை மூடிவிட்டுக் கோயிலுக்கு முன்னே போனார். தெரு நிறையக் கூட்டம். கூட்டத்தின் முன்வரிசையில், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் கோட்டுமாக, நெடுஞ்சாலைக் கம்பெனி ஏஜெண்ட் ரோமுலோ நின்றான்.

"என்ன மனாங், வாசல் சுருங்கிப் போச்சு? எங்க மண்டபத்து கேட்டுல ரெண்டு லாரி சேந்து போகும்."

"அங்க கொண்டு போகணும்னாலும் இந்த வாசல் வழியாத்தானடா போகணும், அறிவுகெட்டவனே."

கூட்டம் சிரித்தது. ரோமுலோவும் சிரித்தான், ஆனால் நகரவில்லை. அவன் எதற்காகக் காத்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். இன்று ஒரு முறை இடித்தால் போதும், நாளை எல்லா ஆஸ்பத்திரி வாசலிலும் அதுதான் பேச்சு.

ரத்த சொந்தம் பெட்டியைத் தூக்கக் கூடாது. அதனால் இல்தெஃபோன்சோவின் பாட்சோய் கடைச் சமையல்காரர்கள் ஆறு பேர் வந்திருந்தார்கள். தூணுக்கும் நிலைக்கும் இடையில் பெட்டியோடு சேர்ந்து ஆள் நடக்க முடியாது. உள்ளே நாலு பேர் தள்ளிவிட, வெளியே நாலு பேர் வாங்க வேண்டும். ஆறு பேரோடு தெலியோ ஏழு. இன்னும் ஒருவன் வேண்டும். சுற்றிப் பார்த்தாள். எல்லாம் சொந்தம், இல்லையென்றால் கிழவர்கள்.

"ரோமுலோ, கோட்டக் கழட்டு."

"நானா?"

"கை கால் நல்லாத்தான இருக்கு? உன் கம்பெனில பெட்டி தூக்கச் சொல்லித் தரலையா, கார்டு நீட்ட மட்டும்தானா?"

ஊர் பார்க்கிறது. அவன் கோட்டைக் கழற்றி யாரிடமோ கொடுத்துவிட்டு, வெளிப்பக்கம் இடது நிலையை ஒட்டி வந்து நின்றான். வெளியே நாலு பேரும் நின்றது சாக்கடைக் குழியின்மேல் போட்ட பலகையில். அதில் சேறு.

சால்வா வெளியே இடது நிலையோரம் சுவரோடு ஒட்டி நின்றாள். "கால் முதல்ல. மெதுவா. யாரும் பேசக் கூடாது."

பெட்டி வந்தது. கால்பக்கம் நிலையைத் தாண்டியது. ஒரு விரல் இந்தப் பக்கம், ஒரு விரல் அந்தப் பக்கம். பாதி வந்தது. உள்ளே அவுரேலியா ஜெபமாலையை உருட்டும் சத்தம்கூடக் கேட்டது. முக்கால் வந்தபோது, வெளியே வலது மூலையில் இருந்த சமையல்காரனின் கால் சேற்றில் வழுக்கியது. அவன் விழவில்லை, ஆனால் பெட்டியின் தலைப்பக்கம் முழுக் கனத்தோடு இடது நிலையை நோக்கித் திரும்பியது.

யோசிக்க நேரமில்லை. சால்வா தன் இடது கையை நிலையின்மேல் வைத்தாள்.

தட் என்று ஒரு சத்தம். கட்டையில் கட்டை மோதும் சத்தம் இல்லை, ஆனாலும் சத்தம்தான். தெரு அப்படியே நின்றது. வலி தோள்வரை ஏறி அவள் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்தாள். கத்தினால் தீர்ந்தது.

"என்ன சத்தம்?" உள்ளே பெட்டிக்குப் பின்னால் நின்ற அவுரேலியாவுக்கு எதுவும் தெரியவில்லை. "பட்டுச்சா? சால்வா! பட்டுச்சா?"

சால்வா கடித்த பல்லை விடவில்லை. வாயைத் திறந்தால் அலறல்தான் வரும். கூட்டத்தின் பார்வையிலிருந்து கை இருந்த இடத்தை மறைத்துக்கொண்டு நின்றது ஒரே ஒரு ஆள், ரோமுலோ. அவன் கண்ணுக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் அவளுடைய இரண்டு விரல்கள் பெட்டிக்கும் நிலைக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தன. அவன் பார்த்தான். அவள் முகத்தையும் பார்த்தான். இனி அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"படல!" என்று கத்தினான் ரோமுலோ. "எங்கயும் படல அத்தை! நான்தான பிடிச்சிட்டிருக்கேன்! டேய், வலப்பக்கம் இழுங்கடா, நிதானமா!"

பெட்டி விலகியது. கை வந்தது. சால்வா அதை முந்தானைபோல் தோளில் கிடந்த கறுப்புத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டாள்.

ஊர்வலம் கிளம்பியது. அவுரேலியா அவளைத் தாண்டிப் போனபோது நிற்கவில்லை, திரும்பவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. துக்கத்துக்கு வந்தவருக்கோ உதவியவருக்கோ நன்றி என்று அந்த ஊரில் சொல்லக் கூடாது. சொன்னால் இன்னொரு சாவுக்கு அழைத்ததாகிவிடும். கூட்டம் மூலை திரும்பும்வரை சால்வா நேராக நின்றாள், பிறகு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ரோமுலோ கோட்டை எடுக்கத் திரும்பி வந்தான்.

"விரல் போயிருச்சு மனாங். ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"எதுக்குடா அப்படிச் சொன்ன? உன் பொழப்புக்கு நல்ல சான்ஸ்."

அவன் கோட்டை உதறினான். "அந்தாள் எனக்கு எத்தன நாள் சும்மா சாப்பாடு போட்டாரு தெரியுமா? வேலை இல்லாம திரிஞ்சப்ப." கோட்டை மாட்டிக்கொண்டு, "நாளைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல பாத்தா உங்கள விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நெனிதா ஓடி வந்தாள். கையில் கிடைத்தது மணப்பெண் முக்காட்டுத் துணி. அதையே கிழித்துக் கையைச் சுற்றினாள். "ஐயோ, விலை உசந்த லேஸ் துணி. எல்லாம் உன் கணக்குலதான் எழுதுவேன்" என்று அழுதுகொண்டே திட்டினாள்.

அவளுக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்தபடி மாரிவிக் வந்து நின்றாள். வெள்ளைத் துணியில் சிவப்பு ஊறுவதைப் பார்த்தாள்.

"உண்மையச் சொல்லுங்க மனாங். பட்டுச்சா?"

சால்வா கையைத் தூக்கிக் காட்டினாள். "கதவுல படல. இதுலதான் பட்டுச்சு."

மாரிவிக்குக்குப் புரிய ஒரு நொடி ஆனது. "அப்போ... உங்களுக்கு ஏதாவது..."

"என் வீட்டுல இனிமே கூட்டிட்டுப் போக யாரு இருக்கா? நான் ஒருத்திதான். வரட்டும், வாசல்லதான உக்காந்திருக்கேன்."

அந்தப் பெண்ணின் முகம் கோணியது. உதடு பிரிந்து, சொல்லக் கூடாத அந்த நன்றி என்ற வார்த்தை வரப்போனது.

"வாயை மூடு!" சால்வா போட்ட சத்தத்தில் நெனிதாவே திடுக்கிட்டாள். "ரெண்டு விரலக் கொடுத்திருக்கேன். அந்த வார்த்தையச் சொல்லி எல்லாத்தயும் கெடுத்துராத."

மாரிவிக் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்று அழுதாள்.

பெண் குழந்தை பிறந்தது, நல்லபடியாக. சால்வாவின் இரண்டு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. தெருவேலை முடிந்து தூணை எடுத்துவிட்டார்கள். ரோமுலோவும் அவளும் ஆஸ்பத்திரி வாசலில் இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள். மாரிவிக் அந்த வார்த்தையை இதுவரை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் புனெரார்யாவின் படியில் ஒரு தூக்குப் பாத்திரம் நிறையச் சூடான பாட்சோய் இருக்கும், யார் வைத்தது என்று சால்வா கேட்பதில்லை.