தண்ணீர் குடிக்காத களம்

வேலங்காட்டு அரிசி மில்களில் வேலை செய்த பெண்கள் பகலில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். காலைச் சங்கு ஊதுவதற்கு முன் வீட்டில் குடித்த ஒரு வாய்தான். அதன் பிறகு பொழுது சாய்ந்து, ரயில் பாதைக்கு அப்பால் இருக்கும் கள்ளிப் புதர் இருட்டில் மறையும் வரை நாக்கை நனைப்பதில்லை. நோன்பும் இல்லை, நேர்த்திக்கடனும் இல்லை. அவசரத்துக்கு ஒதுங்க அங்கே இடம் கிடையாது, அவ்வளவுதான். மத்தியானக் கூழைக்கூடக் கெட்டியாகக் கரைத்துக் கொண்டு வருவார்கள். வாய் வறண்டால் ஒரு புளியங்கொட்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள்.

செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவே இருந்த ஊர் அது. ஏரிப் பாசனத்து நெல் முழுவதும் அங்கே வந்து அவிந்து, காய்ந்து, அரிசியாகி ரயிலேறியது. மில் முதலாளிகள்தான் முனிசிபாலிட்டி மெம்பர்கள். அவர்களில் பெரியவரான வாசுதேவ முதலியார் சேர்மன்.

அவருடைய மில் களத்தில் செங்கம்மாள் பதினாறு வயதில் கால் வைத்தாள். அவித்த நெல்லைச் சிமெண்டுத் தரையில் பரப்பி, வெயில் ஏற ஏறக் காலால் துழாவிக்கொண்டே நடக்கும் வேலை. கணவன் கருப்பன் அதே மில்லில் மூட்டை தூக்கினான். தவிட்டுத் தூசி நெஞ்சில் அடைந்து, இருமி இருமி முப்பத்தைந்து வயதில் போய்விட்டான். ஒரே மகள் பாப்பாவைக் கோவளத்துப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவனுக்குக் கட்டிக் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு கூலிகள் குடியிருக்கும் மில் லயனின் கடைசி அறையில் செங்கம்மாள் தனி. ஆனால் பகலில் தனி இல்லை. களத்தில் இருபது பெண்கள் வரிசையாக நடப்பார்கள். கொட்டகையில் அரிசி புடைக்கிற ஷஹர்பானு ஒருத்தி போதும், இருபது பேரின் பேச்சையும் அவளே பேசிவிடுவாள்.

ஐம்பதுகளின் நடுவில் முனிசிபல் எலெக்ஷன் வந்தது. மில் லயன் இருந்த வார்டைத் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கியிருந்தார்கள். சேர்மன் ஒரு நாள் நேரே களத்துக்கு வந்தார். நெல்லில் நடந்துகொண்டிருந்தவர்களில் யார் குறைவாகப் பேசுகிறார்கள் என்று மேஸ்திரி ஏசுபாதத்திடம் கேட்டார். மேஸ்திரி கை காட்டினான்.

"செங்கம்மா, நீ எலெக்ஷன்ல நிக்கிறியா?"

செங்கம்மாள் வாய் திறப்பதற்குள் கொட்டகையிலிருந்து ஷஹர்பானுவின் குரல் வந்தது. "அவ காலைலருந்து வெயில்ல நின்னுகினுதான் கீறா முதலாளி!"

களமே சிரித்தது. சேர்மனும் சிரித்தார். செங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"நிக்கிறேன் முதலாளி. ஆனா ஒண்ணு. களத்தாண்ட பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸு கட்டணும். குழி ஆழமா வெட்டிக் கட்டணும். எங்க ஜனம் தலைல அள்ளிகினு போற மாதிரி வாணாம்."

"இவ்ளோதானா? ஜெயிச்சுட்டு வா. மொதத் தீர்மானமே அதான்."

அந்த நாளில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் ஓட்டுப் பெட்டி. செங்கம்மாளுக்குப் பச்சை. களத்துப் பெண்கள் ஒரே வரிசையாகப் போய்ப் பச்சையில் போட்டார்கள். "கக்கூஸுக்குப் போட்டுட்டு வந்துட்டேன்டி" என்று சொல்லிக்கொண்டே திரும்பினார்கள். ஜெயித்தாகிவிட்டது. மாலையோடு ஊர்வலம் விட்டார்கள்.

மறுநாள் வழக்கம்போல முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு களத்துக்கு வந்தவளை மேஸ்திரி வாசலிலேயே மறித்தான்.

"நீ எங்க உள்ள வர? நீ மெம்பரு. நீ நெல்லு தொழாவிகினு இருந்தா முதலாளிக்கு இன்னா மரியாதி கீது? வூட்டுக்குப் போ. வாராவாரம் அரிசி வந்துரும்."

அரிசி வந்தது. செங்கம்மாள் அறையில் உட்கார்ந்தாள். நாலு மாதத்தில் குதிகால் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டு பாதம் மிருதுவாகிவிட்டது. அதைத் தொட்டுப் பார்க்கும்போது யாருடைய காலோ போல இருந்தது அவளுக்கு.

சோறு இறங்கவில்லை என்று மத்தியானத்தில் கூழை எடுத்துக்கொண்டு களத்துச் சுவர் நிழலுக்குப் போய்ப் பார்த்தாள். அவள் வந்ததும் பேச்சு நின்றது. "மெம்பரம்மாவுக்குச் சாக்கு போடுங்கடி" என்றாள் ஒருத்தி. உதறிய சாக்கு ஒன்றைத் தள்ளிப் போட்டார்கள். மற்றவர்கள் தரையில் ஒட்டி உட்கார்ந்திருக்க, செங்கம்மாள் சாக்கில் தனியாக உட்கார்ந்து கூழைக் குடித்தாள். முதலாளியின் அரிசியைத் தின்கிறவள் முன்னால் முதலாளியைத் திட்ட முடியாது. திட்டாமல் அந்த நிழலில் பேசவும் ஒன்றுமில்லை. சில நாள் போனாள். பிறகு போவதை விட்டுவிட்டாள்.

முனிசிபல் ஆபீஸில் மட்டும் என்ன? மற்றவர்களுக்கு மேஜையைச் சுற்றி நாற்காலி, அவளுக்குக் கதவோரம் ஒரு முக்காலி. மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பையில் டீ வரும். அவளுடைய அலுமினியக் குவளை ஜன்னல் கம்பியில் தொங்கும். அவளே எடுத்து, அவளே கழுவி, அவளே மாட்ட வேண்டும். தீண்டாமையை ஒழித்துச் சட்டம் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். குவளை மட்டும் அங்கேயே தொங்கியது.

அவளுக்குச் சொல்லிக் கொடுத்த வேலை ஒன்றுதான். சேர்மன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தால் கையைத் தூக்க வேண்டும். அப்படித் தூக்கியே சேர்மன் தெருவுக்கு விளக்கு வந்தது, மாட்டு வண்டிகளுக்கு வரி வந்தது. ஒரு தடவை அவர் மூக்கில் தூசி ஏறிக் கண்ணாடியைக் கழற்ற, செங்கம்மாள் கையைத் தூக்கிவிட்டாள். அப்போது தீர்மானம் ஒன்றும் இல்லை, சேர்மன் தும்மிக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சி மெம்பர் தோல் மண்டி ஜலாலுதீன் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "தும்மல் ஏகமனதா நிறைவேறிச்சி, எழுதிக்குங்க!"

ஒவ்வொரு கூட்டம் முடிந்த பிறகும் அவள் சேர்மன் வண்டிக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். "முதலாளி, அந்தக் கக்கூஸு..."

"அடுத்த கூட்டத்துல பாப்போம்மா."

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

அடுத்த பங்குனி வெயிலில் ஷஹர்பானு முறத்தோடு சரிந்து விழுந்தாள். சேதி கேட்டுச் செங்கம்மாள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். குளிர் ஜுரத்தில் கட்டிலே ஆடியது. முதுகில் இடுப்புக்கு மேலே கை வைத்தால் கத்தினாள். நர்ஸ் மேரி பெனிசிலின் ஊசியைக் கொதிநீரிலிருந்து எடுத்துக்கொண்டே பேசினாள்.

"நீர்க்கடுப்புன்னு மூணு வாட்டி வந்துச்சி இந்தம்மா. தண்ணி குடின்னு மூணு வாட்டி சொன்னேன். இப்ப கிட்னியில சீழ் பிடிச்சிருக்கு. மில்லுல எல்லாரும் இதே கதைதான். நான் ஊசி போடுவேன், அவங்க திரும்பப் போய்த் தண்ணி குடிக்காம நடப்பாங்க. நீங்கதான மெம்பரு?"

செங்கம்மாள் ஈரத் துணியை மடித்து ஷஹர்பானுவின் நெற்றியில் போட்டாள். ஷஹர்பானு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"ரெண்டு வருசமா கையத் தூக்கிகினு கெடந்தியேடி. ஒரு வாட்டியாச்சும் எங்களுக்குன்னு தூக்கினியா?"

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். செங்கம்மாள் துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை அங்கேயே இருந்தாள். ஷஹர்பானு திரும்பவே இல்லை.

அந்த மாதக் கூட்டத்தில் வந்த தீர்மானம் இது. மில்லை ஒட்டியிருக்கும் முனிசிபல் புறம்போக்கை நெல் காய வைக்கச் சேர்மன் மில்லுக்கே குத்தகைக்கு விடுவது. களத்துப் பக்கத்தில் காலியாக இருந்த இடம் அது ஒன்றுதான். அதுவும் போனால் கக்கூஸ் கட்ட ஆகாயம்தான் மிச்சம்.

சேர்மன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஆதரித்து ஏழு கைகள் எழுந்தன. செங்கம்மாளின் கை மடியிலேயே இருந்தது. சேர்மன் கண்ணாடியை மாட்டி, மறுபடி கழற்றி, சத்தமாகவே வைத்தார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எதிர்க்கிறவங்க?" என்று கேட்டார் முனிசிபல் கமிஷனர்.

ஜலாலுதீனும் அவருடைய ஆட்களுமாக ஏழு பேர் தூக்கினார்கள். கதவோரத்திலிருந்து எட்டாவது கை எழுந்தது.

"அம்மா, உனக்குப் புரியல. இது எதிர்க்கிறவங்களுக்கு" என்றார் சேர்மன் மெதுவாக.

"புரிஞ்சிது முதலாளி."

ஜலாலுதீன் ஒரு நிமிஷத்தை வீணாக்கவில்லை. "அந்த எடத்துல பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் கட்டணும்னு தீர்மானம் கொண்டு வரேன்!" என்று எழுந்தார். பெண்கள் மேல் அவருக்கு அக்கறை என்று யாரும் நினைக்கவில்லை. சேர்மன் மூக்கை உடைக்க அதைவிட நல்ல சாமான் அன்றைக்குக் கிடைக்காது. அதே எட்டுக் கைகளில் அதுவும் நிறைவேறியது.

அந்த வாரத்திலிருந்து அரிசி நின்றது.

ஆடிக்குள் கக்கூஸ் கட்டியாகிவிட்டது. ஓட்டுக் கூரை, நாலு அறை, செங்கம்மாள் கேட்டபடியே ஆழமான குழி. மாமல்லபுரத்துக் கல்தச்சனிடம் ஜலாலுதீன் பெயரைச் செதுக்கி வரவழைத்த கல்லும் வாசலுக்கு மேலே உண்டு. மைக் வைத்துத் திறந்தார்கள்.

ஒரு பெண்கூட உள்ளே போகவில்லை.

வாசலைத் தெருவைப் பார்த்து வைத்துவிட்டார்கள். எதிரே டீக்கடை. மில் ஆம்பளைகள் எல்லோரும் மத்தியானத்தில் அந்த பெஞ்சில்தான். அவ்வளவு கண்ணுக்கு எதிரில் செம்போடு எந்தப் பெண் அந்தக் கதவைத் தள்ளுவாள்? கட்டியவர்கள், திட்டம் போட்டவர்கள், கை தூக்கியவர்கள் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. செங்கம்மாளை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் கட்டுவார்கள் என்று அவளுக்கும் தோன்றவில்லை.

அவள் தோல் மண்டிக்குப் போனாள். "பாய், வாசல பின்னாடி மாத்தி வெக்கணும்."

"மாத்தினா கல்லு பின்னாடி போயிரும்மா. கல்லு தெருவுக்குத் தெரியணும்ல?"

"அப்ப ஒரு மறைப்புச் சுவராச்சும்..."

"சுவரு கல்ல மறைக்கும். அடுத்த பட்ஜெட்ல பாப்போம்."

களத்தில் பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு நன்றாக இல்லை. "மெம்பரம்மா கட்டின மாளிகைல ஆடு கட்டலாம்" என்றார்கள். சேர்மன் வண்டியில் போகிறபோதெல்லாம் அங்கே நிறுத்திக் கதவைப் பார்த்துவிட்டுப் போனார்.

செங்கம்மாள் பனையோலை வெட்டி வந்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து தட்டி முடைந்தாள். அப்போதுதான் எழுந்து நடக்கத் தொடங்கியிருந்த ஷஹர்பானு வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், கழியைப் பிடித்துக்கொண்டாள். வாசலுக்கு முன்னால் கழுத்து உயரத்துக்குத் தட்டியைக் கட்டினார்கள். பாய் பெயர் மேலே நன்றாகவே தெரிந்தது. அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அப்போதும் யாரும் வரவில்லை. தட்டிக்குப் பின்னால் போகிறவள் எதற்குப் போகிறாள் என்று டீக்கடைக்குத் தெரியும் அல்லவா?

மறுநாள் மத்தியானச் சங்கு ஊதியது. களத்துப் பெண்கள் சுவர் நிழலில் கூழோடு உட்கார்ந்தார்கள். டீக்கடை பெஞ்ச் நிறைந்தது. செங்கம்மாள் அறையிலிருந்து செம்பு நிறையத் தண்ணீரோடு கிளம்பினாள். நாற்பத்திரண்டு வயதில் அந்தத் தெரு அவளுக்கு அவ்வளவு நீளமாக எப்போதும் இருந்ததில்லை. பெஞ்சில் பேச்சு நின்றது. ஒருத்தன் கனைத்தான்.

"மெம்பரு மீட்டிங்குப் போறாங்கடா!"

சிரித்தார்கள். அவள் திரும்பவில்லை. வேகமாகவும் நடக்கவில்லை. தட்டியைச் சுற்றிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தாள். காலி செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு தட்டிக்கு முன்னால் அப்படியே நின்றாள்.

களத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஷஹர்பானு எழுந்தாள். ஒரு பெண் கை கழுவ வைத்திருந்த தண்ணீர்ச் சட்டியை வாங்கி, எல்லோரும் பார்க்க மடக் மடக்கென்று குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

"இன்னாத்துக்குப் பல்ல காட்ற அண்ணாத்த? உங்க வூட்டுப் பொம்பளைங்களுக்கு வயிறு இல்லியா? இல்ல, சோறு மட்டும் ஆக்கிப் போட்டுட்டு அப்டியே நிக்கிறாங்களா?"

பெஞ்சில் ஒருத்தன் குனிந்து டீயைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் இருவர் வந்தார்கள். அடுத்த வாரம் எல்லோரும் வந்தார்கள். இரண்டிரண்டு பேராக, பேசிக்கொண்டே வந்தார்கள். மேரியிடம் நீர்க்கடுப்பு என்று போனவர்கள் அடுத்த கோடையில் பாதிக்குப் பாதி குறைந்தார்கள்.

செங்கம்மாளுக்கு என்ன ஆயிற்று என்றால், எந்த மில்லும் அவளைச் சேர்க்கவில்லை. முதலாளிகளுக்குள் எத்தனை சண்டை இருந்தாலும் அதில் மட்டும் ஒற்றுமை. மெம்பர் காலம் முடியும் வரை ஷஹர்பானு கொடுத்த நொய்யில் கஞ்சி வைத்தாள். பெண்கள் அவளைப் பார்த்தால் வழி விட்டார்கள். மரியாதைதான். வழி விடுகிறவர்களோடு சேர்ந்து நடக்க முடியாது.

காலம் முடிந்தது. லயன் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். அவள் மூட்டையைக் கட்டினாள். வேலை நேரம் என்பதால் பஸ்ஸுக்கு யாரும் வரவில்லை. பஸ் மில் தெருவைத் தாண்டும்போது மத்தியானச் சங்கு ஊதியது. பெண்கள் செம்போடு தட்டியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். ஷஹர்பானு எதற்கோ உரக்கச் சிரித்தாள். பஸ்ஸை அவள் பார்க்கவில்லை. செங்கம்மாளும் கூப்பிடவில்லை.

செங்கல்பட்டில் பஸ் மாறித் திருப்போரூர் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் கோவளத்து உப்பளம் சேர்ந்தாள். மறுநாளே பாப்பாவோடு உப்பு வாரப் போனாள். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. ஒரு மரம் இல்லை, ஒரு புதர் இல்லை. மிருதுவாகிப் போயிருந்த பாதம் உப்புத் தண்ணீர் பட்டு அன்றைக்கே வெடித்தது.

மத்தியானம் பெண்கள் கரைமேல் உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருத்தியையும் அவளுக்குத் தெரியாது, அவர்களுக்கும் அவளைத் தெரியாது. சாக்கு யாரும் போடவில்லை. பானை நிறையத் தண்ணீர் இருந்தது. ஒருவரும் தொடவில்லை.

செங்கம்மாள் பானையையும் அவர்களையும் பார்த்தாள். வெறும் தரையில், இரண்டு பேருக்கு நடுவில், இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏம்மா, இந்த எடம் எந்தப் பஞ்சாயத்து? இங்க மெம்பரு யாரு?"

பாப்பா தலையில் கை வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் யாருக்கும் தெரியவில்லை.