ஒற்றை மேற்கோள் குறிக்காக வேலையிழந்த கோமதி

கோமதி அக்கா இறந்த செய்தியை, அவருடைய பழைய கம்பெனி போனில் அனுப்பிய அஞ்சலிப் படத்தில்தான் பார்த்தேன். மாரடைப்பாம். ‘எங்கள் குடும்பத்தின் ஒளிவிளக்கு’ என்று போட்டிருந்தார்கள். போனைக் கட்டிலில் எறிந்தேன். அந்தக் குடும்பம்தான் அவரை வெளியே துரத்தியது.

நான் சங்கரன்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். எங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தது அந்தக் கம்பெனி. ஒருநாள் குருவிகுளத்து விவசாயி ஒருவர், "பென்சிலின் எனக்கு ஆகாது" என்றார். அவர் சொன்னதை அப்படியே ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் பதிந்தேன். மாலை ஷிப்டுக்கு வந்தவர்கள் கணினியில் அவருடைய பக்கத்தைத் திறந்தபோது, ஆகாத மருந்தைக் காட்டும் சிவப்பு எச்சரிக்கை வரவேயில்லை. பென்சிலின் ஊசியே போட்டுவிட்டார்கள். அந்த மனிதர் மூச்சுத் திணறிப் பிழைத்ததே பெரிய காரியம்.

மென்பொருளில் கோளாறில்லை, நர்ஸ்தான் தப்பாகப் பதிந்துவிட்டார் என்றார் கம்பெனி முதலாளி. என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு நடந்த விசாரணைக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள்; அங்கே கம்பெனி ஆட்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்தார். அதுவரை அவரை நான் பார்த்ததுகூட இல்லை.

"அண்ணாச்சி, தப்பு இந்தப் பிள்ள மேல இல்ல. நம்ம சர்வர் எழுதுத ஸ்கிரிப்ட்ல இருக்கு."

"கோமதி, சும்மா இரும்மா."

அவர் கேட்கவில்லை. நோயாளியின் குறிப்பை சர்வர் இரண்டு ஒற்றைக் குறிகளுக்கு நடுவே வைத்து, ஸ்கிரிப்டாக, அதாவது கட்டளை வரிகளாக, எங்கள் திரையில் பக்கத்தைக் காட்டும் பிரௌசருக்கு அனுப்புகிறது. குறிப்புக்குள்ளும் அதே குறி இருந்தால், வாக்கியம் அங்கேயே முடிந்ததாக பிரௌசர் எடுத்துக்கொள்ளும். மீதி புரியாமல், எச்சரிக்கையைக் காட்ட வேண்டிய ஸ்கிரிப்டே நின்றுபோகும். இதைச் சொல்லிவிட்டு, எல்லார் முன்னாலும் குறிகளோடு அடித்துக் காட்டினார். எச்சரிக்கை வரவில்லை. குறிகள் இல்லாமல் அடித்தார். வந்தது.

"உள்ள வார குறி வெறும் எழுத்துதான்னு பிரௌசருக்குத் தெரியுத மாதிரி மாத்தி அனுப்பணும். முன்னாலயே சொன்னேன். நேரமில்லன்னுட்டீங்க."

"இனிமே குறி போடக் கூடாதுன்னு நர்ஸுகள்ட்ட சொல்லிருவோம்" என்றார் முதலாளி.

"அவங்க என்ன வேணும்னாலும் எழுதுவாங்க. அதச் சேதமில்லாம கொண்டு சேக்கதுதான் நம்ம வேல. நம்ம சோம்பேறித்தனத்த இந்தப் பிள்ள தலைல கட்டுதீங்களா?"

எனக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அவருக்குப் போனது. வாடிக்கையாளர் முன்னால் கம்பெனியை அவமானப்படுத்திவிட்டாராம்! பிறகு கடையநல்லூரில் ஒரு கடையில் பில் போடும் வேலைக்குப் போனார். பஸ் ஸ்டாண்டில் பார்த்து, "என்னாலதானக்கா" என்று அழுதேன்.

"ஏட்டி, கோவப்பட வேண்டிய எடத்துல எதுக்கு அழுத?" என்றார்.

நேற்று அந்த முதலாளி போன் செய்தார். இரங்கல் கூட்டத்தில் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அக்காவை அறிந்தவர்களே, நீங்களும் வாருங்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கோபம்தான். அவரை ஏன் நீக்கினார்கள் என்பதை, அக்காவின் படத்துக்கு மாலை போட்டு நிற்கப்போகும் அந்த முதலாளியின் முகத்தைப் பார்த்தே சொல்லப் போகிறேன்.