காலண்டரில் வைத்த குங்குமம்

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் எனக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் வழக்கத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட வேண்டும். மற்ற இரண்டையும் அவன் கூடப்பிறந்தவள் போடுவாள். நான் போட்ட முடிச்சு நழுவியது. பின்னால் நின்ற அக்கா மூன்றையும் தானே இறுக்கிப் போட்டுவிட்டாள்.

மனைவி அதை மறக்கவே இல்லை. "நான் ஒங்க அக்காவுக்குத்தான் வாக்கப்பட்டிருக்கேன்" என்பாள். நான் சிரிப்பேன். எனக்குப் பதில் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மிளகும் ஜாதிக்காயும் காயப்போடும் வேலை. அங்கே பேச்சுக்கும் அவசியமில்லை.

சின்ன மகள் பிறந்தபோது மனைவிக்கு இரத்தம் நிறையப் போய்விட்டது. மூன்று வருடமாவது உடம்பு ஆற வேண்டும், அதுவரை அடுத்த பிள்ளை கூடாது என்றார் டொக்டர். கருத்தடை மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. தலைவலியும் வாந்தியுமாகக் கிடந்தாள். அலுவிகாரையில் எங்கள் வீட்டுக்கு வந்த மிட்வைஃப் அம்மா வேறு வழிகளையெல்லாம் எடுத்துச் சொன்னார். நாள் பார்த்து விலகியிருக்கும் முறையே போதும் என்றாள் மனைவி.

"வெறும் நாள் எண்ணுனா பத்தாது. தெனம் ஒடம்பு காட்டுற அடையாளத்தயும் பாக்கணும்" என்றார் அந்த அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேரும் பேசிக்கிட்டாத்தான் இது சரிவரும். நீங்க இப்புடி நனைஞ்ச கோழியாட்டம் மூலையில நின்னா அடுத்த வருசமும் நான் புள்ள நிறுக்குற தராசத் தூக்கிக்கிட்டு வரணும்."

விலகியிருக்க வேண்டிய நாட்களில் காலண்டரில் பொட்டு வைப்பது என் பொறுப்பு. அதற்கு அவளிடம் தினமும் கேட்க வேண்டும். முதல் வாரம் நான் கேட்கவில்லை. குங்குமச் சிமிழைத் திறந்து பிடித்துக்கொண்டு காலண்டர் முன்னால் நிற்பேன். அவள் அடுப்படியிலிருந்தே, "வைங்க" என்பாள். வைப்பேன். இரண்டாம் மாதம் ஒரு காலையில், "இன்னிக்கு எப்புடி?" என்று கேட்டுவிட்டேன். அவள் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அன்று உடம்பைப் பற்றி மட்டுமல்ல, வேறு பலதும் சொன்னாள். வேலைக்குப் போகப் பிந்திவிட்டது.

சங்கடம் அக்காவால் வந்தது. பக்கத்து வீட்டில் இருந்த அவள், கருவாடு ஆக்கினால் எங்களுக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவருவாள். ஒருநாள் காலண்டரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அம்மனுக்கு வெரதமா? எங்கிட்ட சொல்லவே இல்ல." அன்றிலிருந்து பொட்டு வைத்த நாட்களில் பருப்பும் பூசணிக்காயும்தான் வந்தன. எட்டு நாள், ஒன்பது நாள் என்று தொடர்ந்து பூசணிக்காய். அவளும் எங்களுக்காகக் கருவாட்டை விட்டுவிட்டாள்.

"ஒங்க அக்கா. நீங்களே சொல்லுங்க" என்றாள் மனைவி.

மூன்று மாதம் கழித்து அக்கா கிண்ணத்தோடு வந்தபோது வாசலிலேயே மறித்தேன். "அக்கா, அது வெரதம் இல்ல." அவள் முகத்தைப் பார்த்ததும் தடுமாறினேன். "வெரதந்தான். ஆனா கருவாடு தின்னலாம்."

அக்கா என்னைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள், உள்ளே முகத்தை மறைத்துக்கொண்டு நின்ற மனைவியைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "பாவி, மூணு மாசமா நான் கருவாடு தின்னலயேடா."

சின்னவளுக்கு இப்போது மூன்று வயது முடிந்துவிட்டது. தராசு வரவில்லை. மனைவியின் முகத்தில் பழைய களை திரும்பிவிட்டது.

போன ஆடிப் பதினெட்டுக்குத் தாலிக்கயிறு மாற்றினோம். முடிச்சுப் போட அக்கா வந்தாள்.

"நீங்க இருங்க அண்ணி. இந்த வாட்டி அவரே போடட்டும்" என்றாள் மனைவி.

இரண்டு முடிச்சு நேராக விழுந்தது. மூன்றாவதில் கயிறு கொஞ்சம் நழுவியது. அவள் காதருகே குனிந்து, "இன்னிக்கு எப்புடி?" என்றேன்.

"மொதல்ல கயித்த ஒழுங்கா கட்டுங்க" என்றாள்.