பதினோரு வீட்டுத் தூரம்

கேள்வித்தாளில் பதினேழாவது கேள்வி, வீட்டிலிருந்து மருத்துவரிடம் போக எவ்வளவு தூரம் என்பது. எட்டுப் பக்கக் கேள்வித்தாளில் இதுதான் சுலபமான கேள்வி என்று நினைத்திருந்தேன். அந்தத் தெருப் பெண்கள் அதற்கு மீட்டரிலும் பதில் சொல்லவில்லை, நிமிடத்திலும் சொல்லவில்லை. ஒருவர் "பதினோரு வீடு" என்றார். அடுத்த வீட்டில் கேட்டால் "பத்து வீடு" என்றார்கள். எனக்குப் பொறுமை பிறவியிலேயே கொஞ்சம் குறைவு. "வீட்டுக் கணக்குல சொன்னா எப்படிங்க? நடந்தா எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டேன். "நடந்தாத்தாங்க பதினோரு வீடு" என்று பதில் வந்தது.

அது நான்கு துறைகள் சேர்ந்து எடுத்த ஆய்வு. ஓர் ஊரில் யாருக்கு வைத்தியம் எளிதாகக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதை ஊரின் வரலாறு, வீடுகளின் அமைப்பு, மதம் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் முடிவு செய்திருந்தார்கள். பேராசிரியர்கள் நான்கு பேர், அலைவதற்கு நான் ஒருத்தி. எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். அப்பா குத்தகை நிலத்தில் நெல் போடுபவர். அண்ணன் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தான். இந்த ஆய்வை வைத்தே முனைவர் பட்டத்தை வாங்கிவிடுவது என்று நான் தஞ்சாவூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன்.

ஆய்வுக்கு எடுத்த ஊர் பட்டுக்கோட்டை தாண்டிக் கடற்கரையோரம் இருந்தது. பெயர் வேண்டாம். பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள். பாதி வீட்டு ஆண்கள் சவூதியிலும் துபாயிலும் இருந்தார்கள். ஓட்டு வீடுகளை இடித்து மாடி வீடுகள் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. நான் எடுத்துக்கொண்ட தெரு, ஒரு முனையில் கடைத்தெருவில் திறக்கும். மறுமுனை முட்டுச்சுவர். அந்தச் சுவருக்குப் பின்னால்தான் அரசு சுகாதார நிலையம் இருந்தது. தெரு வழியாக அங்கே போக வேண்டுமானால் கடைத்தெருவுக்கு வந்து, அதை முழுக்கக் கடந்து, பள்ளிவாசல் குளத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். டேப்பைப் பிடித்து அந்த வழியை நான் அளந்தேன். முக்கால் கிலோமீட்டர் வந்தது.

என் வழிகாட்டி வரலாற்றுத் துறைப் பேராசிரியர். பெண்கள் சொன்ன பதிலைக் காட்டியதும் சிரித்தார். "அவங்களுக்குத் தூரம் சொல்லத் தெரியாதும்மா. நீ அளந்ததையே எழுது" என்றார். எழுதினேன். எனக்கும் அப்போது அதுதான் நியாயமாகப் பட்டது. இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது. கடைமடை விவசாயி வீட்டில் பிறந்தவள் நான். அணையில் தண்ணீர் திறந்தாகிவிட்டது என்று அதிகாரிகள் எழுதிவைத்த பிறகும் வயல் காய்ந்து கிடப்பதைப் பார்த்தே வளர்ந்தவள். வயலில் நிற்பவரைக் கேட்காமல் எழுதுகிறவர்களை அப்பா திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். பேனா என் கைக்கு வந்ததும் நானும் அதையேதான் செய்தேன்.

தெருவுக்கு ஒரு வரைபடமும் போட்டேன். வாசல், ஜன்னல், மாடிப்படி, குழாய், சாக்கடை எல்லாம் அதில் இருந்தன. வீட்டின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கக் கூச்சமாக இருந்ததால் கொல்லைகளை வெறும் கட்டங்களாக வரைந்து விட்டுவிட்டேன். கட்டடக்கலைப் பேராசிரியர் பார்த்துவிட்டு, தன் மாணவர்கள்கூட இவ்வளவு சுத்தமாகப் போடுவதில்லை என்றார். அந்தப் பாராட்டில் ஒரு வாரம் மிதந்தேன். ஆய்வுக்கு அனுமதி கொடுத்த பேரூராட்சி அலுவலகத்துக்கு மரியாதைக்காக ஒரு பிரதி கொடுத்தோம். மூலையில் என் கையெழுத்து இருந்தது.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது சுற்றுக்குப் போனேன். முதலில் போனது, எனக்குப் பதினோரு வீடு என்று பதில் சொன்ன பெண்ணின் வீட்டுக்கு. அவருக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். கணவர் ஜித்தாவில். நான் லாத்தா என்று கூப்பிடுவேன். அக்காவை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அவருக்குச் சர்க்கரை நோய், வலது காலில் ஆறாத புண். முதல் சுற்றில் தினமும் காலையில் சுகாதார நிலையத்துக்குப் போய்க் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். இப்போது பழைய வேட்டித் துணியால் அவரே கட்டியிருந்தார். அறையில் வாடை அடித்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போகலயா லாத்தா?"

"எப்படிப் போறது டீச்சர்? வழிய அடச்சுட்டாங்கல்ல."

எந்த வழி என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு நொண்டிக்கொண்டே கொல்லைக்கு அழைத்துப் போனார். பக்கவாட்டு மதிலில் குனிந்து போகும் அளவுக்கு ஒரு கதவு இருந்தது. அதைத் திறந்தால் அடுத்த வீட்டுக் கொல்லை. அங்கே இதேபோல இன்னொரு கதவு. அதற்கு அப்பால் இன்னொன்று. அந்த ஊரில் மகளுக்குக் கல்யாணம் ஆனால் வீடு மகளுக்கு. மாப்பிள்ளைதான் அங்கே வந்து இருப்பார். நாலு மகள் இருந்தால் பக்கத்திலேயே நாலு வீடு கட்டுவார்கள். அக்கா தங்கைகள் புழங்குவதற்கென்று கொல்லைக்குக் கொல்லை வைத்த கதவுகள், இரண்டு மூன்று தலைமுறையில் தெரு முழுக்க நீண்டிருந்தன. கடைசிக் கொல்லையிலிருந்து இறங்கினால் சுகாதார நிலையத்தின் பின்கேட். பதினோரு வீடு. ஐந்து நிமிடம்கூட ஆகாது.

ஐந்து வீடு நடந்தோம். ஆறாவது கொல்லை இருக்க வேண்டிய இடத்தில் பூசாத புதுச்சுவர் என் தலைக்கு மேல் நின்றது.

"தெரு வழியாப் போனா என்ன லாத்தா?" என்று கேட்டேன். அசட்டுக் கேள்விதான்.

"இந்தக் கால வச்சுக்கிட்டு அவ்வளவு தூரமா? ஆட்டோ பிடிக்கணும்னாலும் கடைத்தெருவுக்குத்தான் போகணும். பாக்குறவங்க எல்லாம் என்ன ஏதுன்னு கேப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள யாராவது போன் பூத்துல போய் ஜித்தாவுக்குச் சொல்லிருவாங்க. அந்த மனுசன் வேலய விட்டுட்டு வந்து நிப்பாரு."

புதுச்சுவர் இருந்த வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். துபாயில் இருக்கும் மாப்பிள்ளை சார்பில் ஓர் இன்ஜினியர் வேலையைக் கவனித்தார். நல்ல மனிதர், எனக்கு நாற்காலி போடச் சொன்னார். வழியை ஏன் அடைத்தீர்கள் என்று கேட்டேன்.

"வழியா? அப்படி ஒண்ணும் இல்லயே மேடம். கொல்லைல கதவு இருந்துச்சு, கேட்டோம். பேரூராட்சில மேப்பப் பாத்துட்டு வழி எதுவும் இல்ல, கட்டுங்கன்னுட்டாங்க. யுனிவர்சிட்டில போட்ட மேப்பு. பக்காவா இருக்கும்."

ஜெராக்ஸை எடுத்துக் காட்டினார். மூலையில் என் கையெழுத்து ஜெராக்ஸிலும் நன்றாக விழுந்திருந்தது.

கோபம் வந்தால் நான் வேகமாக நடப்பேன். அன்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தது யார் மேல் இருந்த கோபத்தில் என்பதில் சந்தேகமே இல்லை. அந்தக் கதவு திரும்ப வராமல் இந்த ஊரை விடுவதில்லை என்று பஸ்ஸில் உட்கார்ந்தபோதே முடிவு செய்துவிட்டேன்.

வழிகாட்டியிடம் சொன்னேன். "ஆராய்ச்சி பண்றவங்க பாக்கணும், எழுதணும். களத்த மாத்தக் கூடாது" என்றார். "நான் ஏற்கெனவே மாத்திட்டேன் சார்" என்றேன். மதங்கள் பற்றிய துறையின் பேராசிரியருக்கு என் புதிய விவரங்கள் பிடித்திருந்தன. சுவருக்கு இந்தப் பக்கம் உள்ள ஐந்து வீட்டுப் பெண்களும் சுகாதார நிலையத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள் என்றதும், "மதக் கட்டுப்பாடு" என்று பென்சிலால் என் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். காரணம் மதம் இல்லை சார், என்னுடைய மேப் என்று சொன்னேன். அவர் நான் வேடிக்கையாகப் பேசுவதாக நினைத்தார்.

ஜமாஅத் அலுவலகத்துக்குப் போனேன். தேநீர் கொடுத்து, முழுக்கக் கேட்டுவிட்டு, "எழுத்துல ஏதாவது இருக்காம்மா?" என்றார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் நான்கு நாள் பழைய பத்திரங்களைப் புரட்டினேன். காலகாலமாகப் புழங்கும் மாமூல் பாதை, மாமூல் வாய்க்கால் என்று ஊரில் உள்ள எல்லாவற்றுக்கும் எழுத்து இருந்தது. இந்தக் கதவுகளுக்கு இல்லை. அக்கா வீட்டுக்குப் போகத் தங்கை ஏன் பத்திரம் எழுதப் போகிறாள்? அந்த வழி இருக்கும் இடத்தைப் பற்றி இருந்த ஒரே காகிதம் என்னுடையது, அதில் அந்த வழி இல்லை. பூத்துக்குப் போய்த் துபாய்க்குப் பேசினேன். மாப்பிள்ளை மரியாதையாக, "இன்ஜினியர்கிட்ட பேசுங்க சிஸ்டர்" என்றார். இன்ஜினியர், "துபாய்ல சொல்லச் சொல்லுங்க மேடம்" என்றார். இப்படியே ஐந்து வாரம் போயிற்று.

ஆறாவது வாரம் போனபோது லாத்தா வீட்டில் இல்லை. காய்ச்சல் அதிகமாகித் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் எழுந்து பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

திருத்திய வரைபடத்தை நீட்டினேன். அங்கிருந்த எழுத்தர், "இத வாங்கிக்கறேன். ஆனா சுவர்ல கதவு வைக்கணும்னா வீட்டுக்காரங்க கையெழுத்து வேணுமே" என்றார். துபாயிலிருந்து கையெழுத்து வாங்க மாதக்கணக்காகும் என்றேன். "துபாய் எதுக்கு? வீட்டுக்காரங்க இங்கதான இருக்காங்க" என்று வரிப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அந்த வீட்டு எண்ணுக்கு நேரே ஒரு பெண்ணின் பெயர். மேலே கீழே பார்த்தேன். தெரு முழுக்கப் பெண்கள் பெயர்.

இதை நான் மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தைப் பற்றி இருபது பக்கம், அடிக்குறிப்புகளோடு. எழுதிவிட்டு, வீட்டுக்காரர் யார் என்று கேட்டுக்கொண்டு ஐந்து வாரமாக ஆண்களிடமே அலைந்திருக்கிறேன். என் கேள்வித்தாளில் முதல் கேள்வியே 'குடும்பத் தலைவர் பெயர்' என்பது. துபாயில் இருந்தவரின் பெயரை அதில் எழுதியதும் நான்தான்.

வீட்டுக்கு உரியவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். வேலை முடியும்வரை இரண்டு வீடு தள்ளி அக்கா வீட்டில் இருந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. இரண்டு வரைபடங்களையும் தரையில் விரித்து, "இத நான் தப்பா வரஞ்சுட்டேன்" என்றேன்.

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "வழி இல்லன்னு யுனிவர்சிட்டில எழுதிட்டாங்கன்னு சொன்னாங்க. படிச்சவங்க பாத்து எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன். அந்தப் பக்கத்து வீட்டுல யாரும் வந்து கேக்கவும் இல்ல. அவங்களுக்கு வேணாம்போலன்னு நெனச்சேன்."

லாத்தா ஏன் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒருநாள் என்னிடம் சொல்லியிருந்தார், புது வீட்டில் புண்காலோடு ஒருத்தி நடப்பது அந்தப் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று. அதையும் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. அக்காவிடம் துப்பட்டாவை வாங்கிப் போர்த்திக்கொண்டு கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு என்னோடு வந்தாள். இன்ஜினியர், மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றார்.

"அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க ரெண்டு பக்கமும் கதவு வைங்க. குனியாமப் போற மாதிரி வைங்க" என்றாள்.

மறுநாள் காலை சுவரை உடைத்தார்கள். லாத்தா தஞ்சாவூரிலிருந்து வந்த பிறகு, அந்த வழியாகவே கட்டு மாற்றப் போனார். இந்தப் பக்கத்து ஐந்து வீட்டுப் பெண்களும் போக ஆரம்பித்தார்கள். மதப் பேராசிரியரின் பென்சில் குறிப்பை நானே ரப்பரால் அழித்தேன்.

மீதி இருந்தது ஆய்வேடு. அந்தப் பெண்கள் ஏன் சுகாதார நிலையத்துக்குப் போகவில்லை என்பதற்கு உண்மையான காரணத்தை ஒரு பத்தியாக எழுதினேன்: ஆய்வாளர் வரைந்த தவறான வரைபடம், எழும்பிய சுவர், எடுக்கப்பட்ட இரண்டு விரல்கள். வழிகாட்டி சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டார். "சுவராலதான் விரல் போச்சுன்னு நிரூபிக்க முடியுமா?" என்றார். முடியாது என்றேன். எடுத்துவிடு என்றார். அதுவும் முடியாது என்றேன். அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் மறுபடி மதக் கட்டுப்பாடு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் லாத்தாவைக் கேட்காமல் அவர் காலைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. தாளை எடுத்துக்கொண்டு போனேன். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பத்தியை மெதுவாகப் படித்துக் காட்டினேன்.

"இதுல எம் பேரு இருக்கா?"

"இல்ல லாத்தா."

"வேணாம். ஜித்தா வரைக்கும் போயிரும்." இரண்டு காம்பை ஆய்ந்து முடித்துவிட்டுக் கேட்டார்: "அதுல ஆய்வாளர்னு ஒரு ஆளு வருதே, அது யாரு?"

"நான்தான் லாத்தா."

"அப்ப உங்க பேரப் போடுங்க."

அங்கேயே உட்கார்ந்து அந்தச் சொல்லை அடித்துவிட்டு, மேலே தலைப்பெழுத்தோடு என் பெயரை எழுதினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வழிகாட்டி அந்தப் பக்கத்தை மூன்று முறை திருப்பி அனுப்பினார். மூன்று முறையும் ஓர் எழுத்தும் மாற்றாமல் கொடுத்தேன். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. என் பெயர் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.