டாய்ல் நம்பிய சுவர்

வாசலில் வண்டி நின்றால் டாய்ல் ஹேகர்டி ஜன்னல் மறைப்பை இரண்டு விரலால் விலக்கிப் பார்க்கிறார். கொரியர்காரன் பெட்டியை வைத்துவிட்டுப் போய் வெகுநேரம் கழித்துத்தான் கதவு திறக்கும். "பெட்டி என் பேருக்குத்தான் வந்திருக்கு ரஸ். கொண்டாந்தவன் யாருன்னு உனக்குத் தெரியுமா?" என்று பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் கேட்பார். என்மேல் மட்டும் நம்பிக்கை என்று நினைத்துவிட வேண்டாம். நான் கொண்டுபோகும் சோள ரொட்டியில் முதல் துண்டை இன்றும் என்னையே தின்னச் சொல்கிற மனிதர்.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பின்னால் எவன் என்ன செய்கிறான் என்று கண்ணாடியில் பார்த்தே காலம் தள்ளியவருக்குப் புத்தி இன்னும் அங்கேதான் இருக்கிறது. எங்கள் ஓக்லஹோமாவில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி உண்டு. டாய்ல் ஒருபடி மேலே போய், திருடன் எங்கே நிற்பான் என்பதையும் முடிவு செய்து வைத்திருந்தார். வீட்டுக்குள் நடைவழியின் கடைசியில். படுக்கையில் இருந்தபடியே ரைஃபிளை நீட்டினால் நேராக அந்த இடம்தான்.

விவாகரத்தாகி வந்த மகள் ஷெல்பிக்குக் கிடைத்தது அந்தக் கடைசிச் சுவருக்குப் பின்னால் உள்ள அறை. அவள் குழந்தையின் மரத் தொட்டில் சுவரை ஒட்டியே கிடந்தது.

டாய்லின் மனைவி லோரீன்தான் முதலில் கேட்டாள். "திருடனைச் சுடுவே, சரி. குறி தப்பினா குண்டு எங்க போகும்?"

"இது சின்னக் குண்டு. சுவத்துல பட்டதும் தூளாயிடும். கடைக்காரனே சொன்னான்."

"ஊர்ல ஒருத்தனையும் நம்ப மாட்டே. விக்கிறவனை மட்டும் நம்புவியா?"

அது சுருக்கென்று தைத்துவிட்டது. சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு மைத்துனரின் மேய்ச்சல் நிலத்துக்குப் போனார். மரச்சட்டத்தின் இரு பக்கமும் ஜிப்சம் பலகை அறைந்து, எங்கள் ஊர் வீடுகளுக்குள் செங்கலுக்குப் பதில் இருக்கிற மாதிரியே, நடுவில் வெற்றாக ஒரு சுவர் செய்து நிறுத்தினார். சற்றுத் தள்ளி இன்னொன்று. அதற்கும் பின்னால் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பால் கேன். ஒருமுறை சுட்டார். சுவர் ஆடவில்லை, பென்சில் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை மட்டும்தான்.

"பாத்தியா?" என்றார். பின்னால் போய்ப் பார்த்தோம். இரண்டாவது சுவரிலும் ஓட்டை. கேன் கிழிந்து தண்ணீர் புல்லில் ஓடிக்கொண்டிருந்தது.

"பலகை நமுத்தது. ஏமாத்திட்டான்." வேறு பலகை அறைந்தார். அடுத்து வைத்த கேனும் கிழிந்தது. "குண்டு கலப்படம்." வேறு கம்பெனித் தோட்டா போட்டார். மறுபடியும் தண்ணீர்தான். கடைசியில் கண் என்மேல் திரும்பியது.

"நீ கேனைத் தொட்டியா, ரஸ்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் குழந்தையை நானும்தான் தூக்கி வளர்க்கிறேன். "எத்தனை கேனைத்தான் மாத்துவே? போய்த் தொட்டிலை மாத்து."

"எங்க மாத்துறது? எந்த அறையிலயும் இதே சுவர்தானே இருக்கு," என்றார். குரல் இறங்கிவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக நடைவழியின் கடைசிக்குப் போய், விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன உள்ளங்கை பதிலுக்குத் தட்டியது. தாத்தா விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரிக்கும் சத்தமும் கேட்டது.

டாய்ல் தோளில் தொங்கிய துப்பாக்கிப் பையைக் கழற்றினார். என் முகத்தைப் பார்க்காமலே அதை என்னிடம் நீட்டினார்.