என் அத்தானும் அக்காவின் இடது கை விரலும்

என் அத்தானுக்கு ஆஸ்பத்திரியில் ‘கேக்குதா’ என்றுதான் பெயர். வாட்ச்மேனிலிருந்து பெரிய டாக்டர்வரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷமாகக் காது பரிசோதிக்கும் அறையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு ஹெட்போனை மாட்டி, மெஷினில் ஒவ்வொரு சத்தமாக அனுப்பி, “கேக்குதா? கேட்டா விரலைத் தூக்குங்க” என்று சொன்ன மனுஷனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? வீட்டிலும் அதே பாட்டுதான். சமையலறையில் நிற்கும் அக்காவிடம் ஏதாவது வேலை சொல்லிவிட்டு, “கேக்குதா?” என்பார். “நல்லாக் கேக்குது, செய்யத்தான் மாட்டேன்” என்பாள் அவள்.

அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். அறைக்குள் இன்னொரு சின்ன அறை. கனத்த கதவு, சுவரெல்லாம் பஞ்சு, நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல். நோயாளி உள்ளே, அத்தான் மெஷினோடு வெளியே. பொத்தானை அழுத்தும் கை நோயாளிக்குத் தெரியக் கூடாது, முகமும் தெரியக் கூடாது. “ஜனங்க நல்லவங்க. நம்ம மனசு கோணக் கூடாதுன்னே, கேக்காததையும் கேட்டதாச் சொல்லிடுவாங்க” என்பார். ஒரு தடவை காது சுத்தமாகக் கேட்காத ஒருவர் எல்லாச் சத்தத்துக்கும் டாண் டாண் என்று விரலைத் தூக்கியிருக்கிறார். பார்த்தால், கண்ணாடி வழியாக இவர் முகத்தைப் பார்த்துத் தூக்கியிருக்கிறார். அன்றைக்கே ஜன்னலில் பழுப்புத் தாளை ஒட்டி, நோயாளியின் கை மட்டும் தெரியும்படி கீழே ஒரு சாண் இடம் விட்டார். இந்தக் கதையை அவர் ஆரம்பித்தாலே அக்கா, “நூத்தியோராவது தடவை” என்று எழுந்து போய்விடுவாள்.

நான் அவளுடைய தங்கை. துணி கம்பெனியில் காலர் தைக்கிறேன், அடுத்த தெருவில் குடியிருக்கிறேன். கோபக்காரிதான், ஒத்துக்கொள்கிறேன். மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவேன். அதனால் அத்தான் எனக்கு ‘வாயாடி’ என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயருக்கு நான் லாயக்கில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எட்டு மாதத்துக்கு முன்னால், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா கொடியைப் பிடித்தபடியே சரிந்தாள். மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு. உயிர் தப்பியது. வலது பக்கம் செத்துவிட்டது, பேச்சு போய்விட்டது. “காதுல கோளாறு இல்ல. சத்தம் கேக்குது. ஆனா என்ன சொல்றோம்னு அவங்களுக்குப் புரியல” என்றார் டாக்டரம்மா. காதைத் தவிர வேறொன்றும் தெரியாத மனுஷனுக்கு, காது மட்டும் நன்றாக இருக்கிற பெண்டாட்டி. இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

பேச்சை மீட்கும் பயிற்சி வார்டில் எட்டே எட்டு இடம்தான். நாம் சொல்வதைக் கேட்டு ஒரு சின்னக் காரியமாவது செய்கிறவர்களைத்தான் சேர்ப்பார்களாம். “அடுத்த மாசம் இருபதாம் தேதி கூட்டிட்டு வாங்க. விரலைத் தூக்குங்கன்னு சொன்னாத் தூக்கட்டும், போதும், சேர்த்துக்கலாம். இந்த வருஷத்துக்கு அதுதான் கடைசித் தேர்வு” என்றார் டாக்டரம்மா.

அந்தச் சமயத்தில்தான் ஒலி வைத்தியம் செய்கிற ஒரு பெண்மணி அத்தான் கண்ணில் பட்டாள். ஒவ்வொருவர் குரலும் இன்னின்ன அதிர்வெண்களால் ஆனது, உடம்பில் எது குறைகிறதோ அது குரலிலும் குறையும், குறைந்த சுரத்தைக் கண்டுபிடித்துத் திரும்பக் காதில் கொடுத்தால் உடம்பு தானாகச் சரியாகும் என்றாளாம். நல்லவள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இருபத்தாறு வருஷம் அதிர்வெண்களோடு குடித்தனம் நடத்திய மனுஷனுக்கு எங்கே போயிற்று புத்தி என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அத்தான், நீங்களே இதை நம்புறீங்களா?”

“நம்பாம என்ன பண்ணச் சொல்ற? வேற யாராவது ஏதாவது குடுத்தாங்களா?”



அக்காவின் குரல் வேண்டும் என்று பழைய போனைத் தோண்டினார். இருந்ததெல்லாம் திட்டுதான். “எத்தனை தடவை போன் பண்றது? அந்த மெஷின்ல காதைக் குடுத்துட்டு உக்காந்திருக்கீங்களா?” “வரும்போது சோப்பு வாங்கிட்டு வாங்க. மறந்துட்டு வந்தா வாசல்லயே நில்லுங்க.” அந்தச் சோப்பைக் கேட்டு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிக்கும்போது அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, அவள் குரலில் ஒரே ஒரு இடம் பள்ளமாக இருப்பதாகக் கண்டுபிடித்தார். அதிர்வெண் ஆயிரத்து நூறுக்குப் பக்கத்திலாம். ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட மெஷின் ஒன்று பரணில் கிடந்தது. அதைத் துடைத்து, கட்டிலுக்கு எதிரே ஸ்டூலில் வைத்தார். அக்காவின் தலையணையை உயர்த்தி, ஹெட்போன் மாட்டி, நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். சத்தம் அனுப்புவதும், அவளுடைய இடது கை ஆள்காட்டி விரலைத் தானே தூக்கிக் காட்டுவதும், “கேக்குதா? கேட்டா இப்படி” என்பதும்தான் வேலை. பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை.

பதினோராவது நாள் நான் கம்பெனியில் இருந்தபோது போன் வந்தது. “வாயாடி, தூக்கிட்டா! தானாத் தூக்கிட்டா!” தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பாதிக் காலரோடு ஓடினேன். என் கண் முன்னாலேயும் தூக்கினாள். நானும் குதித்தேன். ஒரு நோட்டில் ஒவ்வொரு தடவைக்கும் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட ஆரம்பித்தார் அத்தான். முகச் சவரம் செய்துகொண்டார். சட்டையை இஸ்திரி போட்டார். அத்தனை மாதமாகத் தட்டில் பிசைந்துவிட்டு எழுந்துபோனவர், இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டுச் சாப்பிட்டார்.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, கட்டிலுக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஹெட்போனின் ஒயர் மெஷினில் செருகாமல் தரையில் கிடந்தது. காலையில் அக்காவைத் துடைத்துவிடும்போது நான்தான் கழற்றியிருக்கிறேன். மேலே அத்தான் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். நான் துடைப்பத்தோடு நிமிர்ந்து பார்த்தேன். அக்காவின் விரல் எழுந்தது. அவர் வட்டம் போட்டார். மறுபடி எழுந்தது. மறுபடி வட்டம்.

சத்தமே போகாதபோது எதைக் கேட்டுத் தூக்குகிறாள்? அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் அத்தான் ஒவ்வொரு தடவையும் புருவத்தை உயர்த்தி, தலையை லேசாக ஆட்டினார், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர்கள் தங்கள் வாயைத் திறப்பார்களே, அந்த மாதிரி. அவருக்கே தெரியாமல் ஆட்டினார். கண் முழுக்க அவள் விரல் மேலேயே இருந்தது. அக்காவின் கண் அவர் முகத்தில் இருந்தது. தலை ஆடினால் விரல் எழும், அவ்வளவுதான். ஊரார் நோயாளிகளுக்கெல்லாம் பழுப்புத் தாள் ஒட்டிய மனுஷன், சொந்தப் பெண்டாட்டிக்கு முன்னால் முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. “பாத்தியா, இன்னைக்கு முப்பத்திரண்டு!” என்று நோட்டை நீட்டினார். நான் குனிந்து, பெருக்குகிற சாக்கில் ஒயரைச் செருகிவிட்டு எழுந்தேன். அதற்கப்புறம் ஒன்பது நாளும், நாளைக்குச் சொல்லலாம் என்றே தள்ளினேன். ஒருவேளை தேர்வில் நிஜமாகவே தூக்கிவிட்டால் என்று ஒரு நப்பாசையும் இருந்தது. என்ன ஜென்மமோ நான்.

இருபதாம் தேதி ஆஸ்பத்திரியில் அத்தானின் அறையிலேயே தேர்வு. அக்காவுக்கு நீலப் புடவை கட்டி, தலை வாரி, சக்கர நாற்காலியில் கூட்டிப் போனோம். “நம்ம கேக்குதா சார் வீட்டம்மா” என்று நர்ஸ்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார், சிவப்பு வட்டங்களைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம், “சார், நீங்களே மெஷின்ல உக்காருங்க. உங்களுக்குத் தெரியாத விதியா?” என்றார்.

அக்காவும் டாக்டரம்மாவும் நானும் உள்ளே. கதவு மூடியது. அத்தான் வெளியே, தாளுக்குப் பின்னால். டாக்டரம்மா அக்காவிடம் குனிந்து, “சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க” என்று சொல்லி ஹெட்போனை மாட்டினார். மைக்கில் அத்தான் குரல் வந்தது. “கேக்குதா? கேட்டா தூக்கும்மா.”

விரல் அசையவில்லை.

அக்காவின் கண் சுவரெல்லாம் தேடியது. கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மைக்கில் மறுபடி, “கேக்குதா?” கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. நான் அப்போதுகூடத் தலையை ஆட்டியிருக்கலாம். டாக்டரம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தை இறுக்கிக்கொண்டு கல்லாட்டம் நின்றேன். எட்டு தடவை அனுப்பினார் என்று அப்புறம் தெரிந்தது. ஒன்பதாவதுக்குக் குரல் வரவில்லை.

கதவைத் திறந்துகொண்டு அத்தானே உள்ளே வந்தார். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார். அக்காவுக்கு எதிரே மண்டியிட்டு, ஒன்றும் பேசாமல், புருவத்தை உயர்த்தித் தலையை ஆட்டினார். விரல் உடனே எழுந்தது.

“உங்களப் பாக்குறாங்க சார். அது நல்ல விஷயம்தான்” என்றார் டாக்டரம்மா, குரலைத் தாழ்த்தி. “ஆனா நாங்க சொல்றது புரியணும். என்னால இப்போ சேர்க்க முடியாது. அடுத்த வருஷம் பாக்கலாம்.” தாளில் எதையோ எழுதி, எங்கள் பக்கம் பார்க்காமல் வெளியே போனார்.

“அத்தான்” என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்திருக்கும். “உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எத்தனை நாளா?”

“ஒன்பது நாளா. நீங்க நல்லாச் சாப்பிட ஆரம்பிச்சிருந்தீங்க அத்தான். எனக்கு வாய் வரல.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. “வாயாடின்னு பேரு வெச்சேனே” என்றார். “அன்னைக்கே சொல்லியிருந்தா, இந்த ஒன்பது நாளாவது அவ மூஞ்சியப் பாத்திருப்பேன். நான் விரலையே பாத்துட்டு இருந்துட்டேன். அவ என்னைப் பாத்துட்டு இருந்திருக்கா.”

சொல்லிவிட்டு அக்காவின் முழங்காலில் கையை ஊன்றி, அவள் முகத்தைப் பார்த்தபடியே அழ ஆரம்பித்தார். வாய்விட்டு அழுதார். அழுகையில் தலை குலுங்கியது. அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். விரலைத் தூக்கினாள். தலை மறுபடி குலுங்கியது, மறுபடி தூக்கினாள்.

“போதும்க்கா, போதும்” என்று அவள் கையைப் பிடித்தேன். நான் சொன்னது அவளுக்குப் புரியவில்லை. என் பிடிக்குள் அந்த விரல் எழுந்துகொண்டே இருந்தது.