அத்தையின் சாவுக்கு அத்தாட்சி

விஜயபுரத்து வீட்டுக் கூடத்தில் அத்தையின் புகைப்படம் மாட்டியிருந்தது. இரட்டைச் சடை, சிரிப்பை அடக்கிக்கொண்ட உதடு. பெரியப்பா வைத்த சந்தனமும் குங்குமமும் கண்ணாடிமேல் காய்ந்து ஒட்டியிருக்கும். மகாளய அமாவாசைதோறும் படத்துக்கு முன்னால் இலை போட்டு வடை, பாயசம், கத்திரிக்காய்ப் பொரியல் எல்லாம் படைப்போம். காக்காய்க்கு வைத்த பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு. அத்தை ஏதோ காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நகரியில் பவர்லூம் ஓட்டிய வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள், அவ்வளவுதான். பெரியப்பா தங்கையைத் தலைமுழுகினார். மற்றவர்கள் வாயால் சொல்வதோடு விட்டுவிடுவார்கள். அவர் ஐயரை வரவழைத்து, ஊருக்கே சோறு போட்டு, கருமாதியை முறையாகச் செய்து முடித்தார். பெரியப்பாவின் தம்பியான என் நைனாவும் அண்ணனோடு உட்கார்ந்து மொட்டை அடித்துக்கொண்டார்.

திருப்பதியில் காலேஜ் படித்தபோதுதான் அத்தையைப் பார்த்தேன். அவளும் மாமாவும் அங்கே இட்லிக் கடை போட்டிருந்தார்கள். தட்டை நீட்டியவள் என் முகத்தையே பார்த்துவிட்டு, "நீ விஜயபுரமா? உங்க நைனா நெத்தி அப்டியே இருக்குது" என்றாள். படத்தில் இருந்த அதே உதடு. அவள் பயப்படவும் இல்லை, அழவும் இல்லை. கடை ஓய்ந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு இன்னா வெச்சிப் படைக்கறாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "கத்திரிக்காயா? துன்னா எனக்கு ஒடம்பெல்லாம் அரிக்கும்னு அண்ணனுக்குத் தெரியுமே" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் செத்தா அண்ணன் கோடிப் பொடவ எடுத்தாரும். பாரேன், அப்ப வரும்" என்றாள். அதை நம்பித்தான் அவள் அத்தனை வருடமும் இருந்தாள்.

பிறந்த வீட்டுக் கோடிப் புடவையைப் போர்த்தித்தான் ஒரு பெண்ணைத் தூக்க வேண்டும். சென்ற ஆண்டு அத்தை இறந்தபோது நைனா உயிரோடு இல்லை. பெரியப்பாவுக்கு நான்தான் போன் செய்தேன். "ஒருத்திக்கு எத்தினி வாட்டிமே கருமாதி பண்றது? நாங்க எப்பவோ பண்ணிட்டம்" என்று வைத்துவிட்டார். நான் ஓடிப்போய் ஒரு புடவை வாங்கி வந்தேன். பெண்பிள்ளை நான் எடுத்தால் அது கோடி ஆகாது என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். பொழுது சாயும்வரை தெரு முனையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கோடி இல்லாமலே தூக்கினோம்.

இந்த ஆண்டு நிலங்களை மறுபடி அளக்கும் ரீசர்வே வந்தது. தாத்தா பெயரில் கிடக்கும் வேர்க்கடலைக் கொல்லையை வாரிசுகள் பெயருக்கு மாற்ற, தாசில்தார் மாதிரியான எம்.ஆர்.ஓ. ஆபீஸில் வம்சவிருட்சம் கேட்டார்கள். தாத்தாவுக்குப் பிறந்தவர்கள் யார், இருப்பவர் யார், இறந்தவர் யார் என்று எழுதித் தர வேண்டும். பெரியப்பா தங்கையை என்றோ செத்தவளாக எழுதிக் கொடுத்தார். சாட்சிக்குப் போன ஊர்க்காரர்களும் "கருமாதிச் சோறு துன்னமே சார்" என்று சத்தியமாகச் சொன்னார்கள். ஆபீஸர் இறப்புச் சான்றிதழ் எங்கே என்றார். கருமாதிக்குச் சான்றிதழ் தருகிற ஆபீஸ் உலகத்திலேயே இல்லை என்பது பெரியப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

கோடி எடுத்து வர முடியாத மனிதர் காகிதத்துக்காகப் பஸ் பிடித்துத் திருப்பதிக்கு வந்தார். வழிகாட்ட என்னைக் கூப்பிட்டார், போனேன். அத்தை மகள் நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். பெரியப்பா மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"சர்டிபிகேட் பீரோவுலதான் கீது மாமா. ஆனா அதுல எங்கம்மா போன வருசம் செத்ததா போட்டுக்குது. நீ கருமாதி பண்ணது வேற யாருக்கோ. அவங்க வூட்ல போய்க் கேளு."

பெரியப்பா என்னைப் பார்த்தார், ஒரு வார்த்தை பரிந்து பேசுவேன் என்று. நான் வாசலில் அவர் செருப்பைத் தெருவைப் பார்க்கத் திருப்பிப் போட்டுவைத்தேன்.